முந்திப் பழுக்கும் அப்பிள்

ஊவா மலைச்சாரலில் வாழும் நாம் அப்பிளைப் பெட்டியில் வந்த பழமாகவே அறிவோம். குளிரில் இலையுதிர்த்து உறங்கினாலன்றி அம்மரம் நன்கு பூவாது. பதுளையின் குளிர் அதற்குப் போதாது. பதுளையினும் மிக உயர்ந்த நீலகிரியிலோ ‘ஐரிஷ் பீச்’ என்னும் இனம், சித்திரை முதல் ஆனி வரையில், ஏனைய இனங்களுக்கு முன்னரே பழுக்கின்றது. பீச் என்பது பெயரளவிலேயே, இஃது அப்பிளே. அயர்லாந்தில் தோன்றி, 1820 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தை அடைந்தது.

இனிப்பும் புளிப்பும் கலந்த சாறும் நறுமணமும் இதற்குண்டு. எனினும், பறித்த சில நாளிலேயே சுவை குன்றும். ஆதலின் கடல் கடந்து வாராது. மரத்தடியில் உண்பார்க்கே இஃது உரியது.

1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின், நம் தோட்டங்களை விட்டுச் சென்ற உறவினர் பலர் நீலகிரியிற் குடியேறினர். இக்கனியின் சுவையை நாம் அறிய வேண்டின், அவர்தம் வாயிலுக்கே செல்லல் வேண்டும்.