பிரபுவின் இல்லம், மக்களின் மன்றம்

ஒரு வீட்டைக் கட்டுகிறவனுடைய எண்ணம் ஒன்று. காலம் அவ்வீட்டுக்கு வகுக்கும் பயன் வேறொன்று. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் உள்ள லென்ஸ்டர் மாளிகை இதற்குத் தக்க சான்றாகும்.

கில்டேர் பிரபு ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு 1745ஆம் ஆண்டில் இம்மாளிகையைத் தமது நகர இல்லமாகக் கட்டத் தொடங்கினார். சிற்பி, ஜெர்மனியில் பிறந்த ரிச்சர்டு காசல்ஸ். செல்வர் அனைவரும் ஆற்றுக்கு வடபுறம் வாழ்ந்த காலம் அது. இவரோ தென்புறத்தைத் தெரிந்துகொண்டார். தாம் எங்குச் சென்றாலும் பிறர் தம்மைப் பின்தொடர்வர் என்று அவர் மொழிந்ததாகக் கூறுவர். அவ்வாறே நிகழ்ந்தது. பிரபு 1766இல் லென்ஸ்டர் கோமகனாக உயர்த்தப்படவே, மாளிகையும் அப்பெயரைப் பெற்றது.

இதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியச் சிற்பி பல்லாடியோ, பண்டை உரோமையரின் கோயில் முகப்பை வீட்டுக்கும் பொருத்திக் காட்டினார். அம்மரபே இங்கும் ஆளுகின்றது. மூன்று அடுக்குகள், வரிசைக்கு 11 திறப்புகள், நடுவே சுவரோடு ஒட்டிய நான்கு கொரிந்தியத் தூண்கள், அவற்றின்மேல் முக்கோண முகடு. இடப்பாதியும் வலப்பாதியும் தராசுத் தட்டுகள்போல் ஒத்து நிற்கின்றன. மாளிகைக்கு இரு முகங்கள் உண்டு. தெருவை நோக்கியது நகர மாளிகையின் மிடுக்குடையது. தோட்டத்தை நோக்கியதோ நாட்டுப்புற இல்லத்தின் எளிமையுடையது. உள்ளே இரண்டு அடுக்கு உயரமுள்ள வரவேற்புக் கூடமும், வீட்டின் நீளம் முழுவதும் முதுகெலும்புபோல் ஓடும் இடைகழியும் உள்ளன.

இத்தகைய எழிலோடு அந்நாளைய அநீதியையும் நாம் மறத்தலாகாது. நாட்டு மக்களில் பெரும்பாலோராகிய கத்தோலிக்கருக்கு அப்போது வாக்குரிமை இல்லை. நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையும் இல்லை. சொத்துடையோர் 1793இல் வாக்குரிமை பெற்றனர். மன்றத்தில் அமரும் உரிமைக்கு 1829 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோமகனின் மகன் எட்வர்டு பிரபுவே ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தில் சேர்ந்து, 1798இல் காயமுற்றுச் சிறையில் உயிர்நீத்தார்.

1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டதும் டப்ளின் நாடாளுமன்றம் மறைந்தது. பழைய மன்றக் கட்டடம் வங்கியாயிற்று. பிரபுக்கள் இலண்டனுக்குப் பெயர்ந்தனர். லென்ஸ்டர் மாளிகையை 1815இல் டப்ளின் சங்கத்தார் வாங்கினர். வேளாண்மையையும் அறிவியலையும் வளர்க்கும் சங்கம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் அங்கு விரிவுரை மண்டபம் ஒன்றை எழுப்பினர்.

பின்னர் விடுதலைப் போரும் உள்நாட்டுப் போரும் மூண்டன. 1920க்கும் 1923க்கும் இடையே பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகள் பல தீக்கிரையாயின. அவ்வாண்டுகளிலேயே, 1922இல், புதிய அரசு லென்ஸ்டர் மாளிகையில் தற்காலிகமாகக் குடிபுகுந்தது; 1924இல் அதனையே நிரந்தர இடமாக்கிக் கொண்டது. விரிவுரை மண்டபத்தின் படிவரிசை இருக்கைகளில் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்தனர். கோமகனின் எழில்மிகு கூடம் மேலவையாயிற்று.

வாஷிங்டனின் வெள்ளை மாளிகையை வரைந்த ஜேம்ஸ் ஹோபன் அயர்லாந்துக் கத்தோலிக்கர். அவருக்கு முன்மாதிரியாய் நின்றதும் இதுவே என்பர். அவ்வெள்ளை மாளிகையில் வாழ்ந்த முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, 1963 ஜூன் 28 அன்று இம்மன்றத்தில் உரையாற்றினார்.

வாசகர்களே, நெருப்பு வைப்பது ஒரு நாழிகை வேலை. பகைவரின் வீட்டையும் பொதுவீடாக்கிப் பேணுவதற்குத்தான் நெடும்பொறுமை வேண்டும். 2017 முதல் 2019 வரை மாளிகை பழுது பார்க்கப்பட்டது. அப்போது மேலவை அடுத்திருந்த அருங்காட்சியகத்தில் கூடி, வேலை முடிந்தபின் தன் கூடத்துக்குத் திரும்பியது. நுழைய உரிமையற்றிருந்தோரின் வழிவந்தோர் இன்று அங்கே சட்டம் இயற்றுகின்றனர். கல்லும் சுண்ணமும் பழையனவே; கதவு திறப்பது மட்டும் புதியோருக்கு.