அலங்கார அறையின் இரு கதவுகள்

திரையிலே ஏழைத் தாயொருத்தி கண்ணீர் வடிக்கும்போது அவளோடு சேர்ந்து நாமும் கண் கலங்குகிறோம். அவள் கட்டியிருக்கும் சேலையின் சாயம் மங்கியிருப்பதையும் முந்தானை நைந்திருப்பதையும் நாம் தனியே கவனிப்பதில்லை. நாம் கவனியாதிருப்பதே அச்சேலையைத் தந்தவரின் வெற்றியாகும். கடையிலிருந்து வந்தபோது அது புத்தம் புதிய சேலை. பலமுறை தோய்த்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, ஓரங்களைத் தேய்த்து நையச் செய்து, பத்தாண்டு வறுமையைச் சில நாட்களில் அதன்மேல் ஏற்றியவர் ஒருவர். அத்தாயின் கண்களுக்குக் கீழே தெரியும் கருமையைத் தூரிகையால் தீட்டியவர் இன்னொருவர். முன்னவர் உடையலங்காரக் கலைஞர். பின்னவர் ஒப்பனைக் கலைஞர்.

இத்தொழில்களில் எங்கள் பெண்பிள்ளைக்கு இடமுண்டா என்று கேட்கும் பெற்றோர் இன்று இருக்கின்றனர். இடமுண்டு. ஆனால், அது எளிதிற் கிடைத்த இடமன்று. பம்பாய்த் திரையுலகில் இவ்விரு தொழில்களும் ஒரே அலங்கார அறையில் நடைபெற்று வந்தன. எனினும் பெண்களைப் பொறுத்தவரை அவ்வறைக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று திறந்திருந்தது, மற்றது 2014ஆம் ஆண்டுவரை அடைபட்டிருந்தது.

ஓவியரின் மகள்

திறந்த கதவின் வழியே சென்று உலகப் புகழ் பெற்றவர் பானு அத்தையா. இவர் 1929ஆம் ஆண்டு கோலாப்பூரில் ஓவியர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். சிறுமியாயிருந்தபோதே தந்தையை இழந்தார். பம்பாயிலுள்ள சேர் ஜே. ஜே. ஓவியக் கல்லூரியிற் பயின்றபின், பெண்களுக்கான சஞ்சிகைகளில் உடை மாதிரிகளை வரைந்து தமது தொழிலைத் தொடங்கினார். காகிதத்தில் வரைந்த உடையைத் துணியிலே உருவாக்கிக் காட்டும் வாய்ப்பும் விரைவில் வந்து சேர்ந்தது. 1956இல் வெளிவந்த ‘சி. ஐ. டி.’ என்ற இந்திப் படம் இவரைத் திரையுலகில் நிலைநிறுத்தியது. அதன்பின் நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு இவர் உடைகளை அமைத்தார்.

பண்டை வைசாலி நகரத்துக் கதையைக் கூறும் ‘அம்ரபாலி’ 1966இல் வெளிவந்தது. அப்படத்துக்காக அம்மையார் அஜந்தாக் குகைகளுக்குச் சென்று, அங்குள்ள சுவரோவியங்களில் மகளிர் அணிந்துள்ள ஆடைகளை ஆராய்ந்தார். தையற்காரரிடம் அளவு கொடுப்பதோடு முடிந்துவிடும் வேலையன்று இது என்பதற்கு இவ்வொரு செய்தியே போதும்.

ரிச்சர்ட் அட்டன்பரோ உருவாக்கிய ‘காந்தி’ திரைப்படம் 1982இல் வெளிவந்தது. தென்னாபிரிக்காவுக்குச் சென்ற இளம் பாரிஸ்டரின் மேல்நாட்டு உடையிலிருந்து, 1921இல் மதுரையில் மேற்கொண்ட அரைத்துண்டு வரை, காந்தியடிகளின் வாழ்க்கையையே அவருடைய உடையில் வாசித்துவிடலாம் அன்றோ! உடையில் ஆண்டு பிழைத்தால் கதையும் பிழைத்துவிடும். கதாநாயகருக்கு மட்டுமன்றி, திரளான கிராமத்தவர்களுக்கும் தொண்டர்களுக்கும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற துணிமணிகள் வேண்டியிருந்தன. 1983இல் அப்படத்தின் உடையலங்காரத்துக்கான ஒஸ்கார் விருதை, ஆங்கிலேயரான ஜோன் மொல்லோவுடன் பானு அத்தையா பகிர்ந்து கொண்டார். ஒஸ்கார் பெற்ற முதல் இந்தியர் ஒரு பெண். அதுவும் ஊசியும் நூலும் கொண்டு பெற்றவர்! தமது காலத்துக்குப்பின் அவ்விருதைப் பேணுவார் யார் என்ற கவலையால், 2012இல் அதனை வழங்கிய அக்கடமியிடமே ஒப்படைத்தார். 2020இல் காலமானார்.

முகத்தின் விஞ்ஞானம்

இனி, மற்றக் கதவின் பக்கம் செல்வோம். ஒப்பனை என்றதும் மாவும் மையும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில், கமெராவும் பிலிமும் மாறுந்தோறும் மாறி வந்த கலை இது. ஆரம்ப காலக் கறுப்பு வெள்ளைப் பிலிம் சிவப்பு நிறத்தை உணரவில்லை. ஆகவே, சிவந்த உதடு திரையிலே கரிய உதடாகத் தோன்றிற்று. நாடக மேடையின் தடித்த பூச்சோ, அண்மைக் காட்சியில் வெடித்துக் காட்டிற்று. போலந்தில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மக்ஸ் பக்டர் என்பவர் 1914இல் திரைப்படத்துக்கென்றே மெல்லிய பூச்சொன்றை உருவாக்கினார். 1930களில் வண்ணப் படங்கள் பெருகியபோது அப்பூச்சும் பொருந்தாமற்போக, வேறொன்றைச் செய்ய நேர்ந்தது.

இக்கலையில் கவனக்குறைவு உயிருக்கும் ஆபத்தாகலாம். 1939இல் வெளிவந்த ‘விஸார்ட் ஒப் ஓஸ்’ படத்தில் தகர மனிதனாக நடிக்கவிருந்தவர் படி எப்சன். அவர் முகத்தில் அலுமினியத் தூள் பூசப்பட்டது. அத்தூள் சுவாசத்தோடு உட்சென்றதால் அவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். பின்னர் அப்பாத்திரத்தை ஏற்றவருக்குத் தூளுக்குப் பதிலாகக் களிம்பு பூசினர். எந்தப் பொருள் எந்தத் தோலுக்கு ஒவ்வும் என்பதை அறியாதவர் தூரிகையைத் தொடலாகாது.

இத்தகைய நுட்பங்கள் குடும்பச் சொத்தாகவும் வளர்ந்தன. 1917இல் அமெரிக்க ஸ்டூடியோ ஒன்றில் முதன்முதலாக ஒப்பனைப் பகுதியை அமைத்தவர் ஜோர்ஜ் வெஸ்ட்மோர். அவருடைய பேரனாகிய மைக்கல் வெஸ்ட்மோர்தான், 1996இல் வெளிவந்த ‘இந்தியன்’ படத்தில் கமல் ஹாசனை முதியவராக மாற்றிய ஒப்பனையில் பங்கு கொண்டவர்.

அடைபட்ட கதவு

பம்பாயில், உடை, ஒப்பனை, சிகையலங்காரம் ஆகிய மூன்று தொழில்களையும் தன் பெயரிலேயே தாங்கிய தொழிலாளர் சங்கமொன்று உண்டு. அதன் அட்டை இல்லாதவர் படப்பிடிப்பில் வேலை செய்வது அரிது. பெண்களுக்குச் சிகையலங்கார அட்டை கிடைக்கும். ஒப்பனை அட்டை ஆண்களுக்கு மட்டுமே. இந்நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பானு அத்தையா ஒஸ்கார் பெற்ற 1983ஆம் ஆண்டிலும், அதே திரையுலகில் ஒரு பெண் ஒப்பனைத் தூரிகையை உரிமையோடு ஏந்த இயலவில்லை. கூந்தலைத் தொடலாம், முகத்தைத் தொடலாகாது என்பது என்ன நியாயம்?

பெண்களுக்கும் அவ்வட்டையை வழங்கினால் ஆண்களின் பிழைப்புக் கெடும் என்று சங்கத்தார் அஞ்சினர். நாட்கூலியை நம்பி வாழும் தொழிலாளியின் அச்சத்தை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆயினும், ஒருவரின் சோற்றைக் காப்பதற்கு இன்னொருவரின் கையைக் கட்டுவது நீதியாகாது. அப்பெண்ணுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே!

சாரு குரானா என்ற இளம்பெண் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒப்பனைக் கலையை முறையாகப் பயின்று திரும்பியவர். ஒப்பனை அட்டை கேட்டபோது சங்கம் மறுத்துவிட்டது. பெண் என்பது ஒரு காரணம். மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வாழ்ந்திருக்கவில்லை என்பது மற்றக் காரணம். அவரும் வேறு சில பெண்களும் இந்திய உயர் நீதிமன்றத்தை நாடினர். 2014 நவம்பர் 10ஆம் திகதி, நீதியரசர்கள் தீபக் மிஸ்ராவும் யு. யு. லலித்தும் அவ்விரு விதிகளையும் செல்லாதவை எனத் தீர்த்தனர். பெண் என்ற காரணத்தால் தொழிலை மறுப்பது அரசியலமைப்பு வழங்கும் சமத்துவத்துக்கும் வாழ்வுரிமைக்கும் முரணானது என்பதே தீர்ப்பின் சாரம். மற்றக் கதவு அன்றுதான் திறந்தது.

நாடுவோர் அறிய வேண்டியவை

சட்டம் கதவைத் திறக்கும். அறைக்குள் நிலைக்கச் செய்வது கைத்திறனே. உடையலங்காரத்தை விரும்பும் பிள்ளைக்குச் சித்திரமும் தையலும் வேண்டும். சரித்திர நூல்களை வாசிக்கும் பழக்கமும் வேண்டும். ஒப்பனையை விரும்புவோருக்குத் தோலைப் பற்றியும் இரசாயனப் பொருள்களைப் பற்றியும் அறிவும், கை நடுங்காத பொறுமையும் தேவை. கல்லூரிகளிற் பயிலலாம், ஆயினும், மூத்த கலைஞர் ஒருவரிடம் உதவியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றியே பலரும் தேர்ச்சி பெறுகின்றனர்.

படப்பிடிப்பு கதை செல்லும் வரிசையில் நடைபெறுவதில்லை. இன்று எடுத்த காட்சியின் அடுத்த கணத்தை இரண்டு மாதம் கழித்து எடுக்கலாம். அன்றிருந்த பொட்டின் அளவும், மடித்த சட்டைக் கையின் உயரமும், கன்னத்துக் காயத்தின் நிறமும் மாறாதிருக்க வேண்டும். இதற்காகப் புகைப்படம் எடுத்துக் குறிப்பெழுதி வைத்தல் நாள்தோறும் செய்யவேண்டிய கடமை. நடிகர் வருமுன் வந்து, அவர் சென்றபின் செல்லவேண்டிய பணி இது. ஒரு படம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை வருமானமின்றி இருக்கவும் நேரிடும். இவற்றையெல்லாம் அறிந்தபின்பும் ஆர்வம் குன்றாத பிள்ளையைத் தடுக்க வேண்டாம்.

அடுத்த முறை படம் பார்க்கும்போது, பெயர்கள் ஓடி முடியும்வரை சற்று அமர்ந்திருங்கள். ஒப்பனை என்ற சொல்லுக்கு நேரே ஒரு பெண்ணின் பெயர் தோன்றுமாயின் அதை உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.