அனுப்பப்படாதவர்கள்

வேதத்தின் வேர்கள் – 6

கலிலேயாவில் ஒரு மலைமீது இயேசு பதினொரு சீடர்களைச் சகல ஜாதிகளிடமும் அனுப்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். மத்தேயு 28இல் உள்ள அந்தக் கட்டளை அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்று ஐரோப்பாவில் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். 1792இல் வில்லியம் கேரி ஒரு சிறுநூல் எழுதி அதை மறுத்தார். அதற்கு 86 ஆண்டுகளுக்கு முன்பே, 1706 ஜூலையில், மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கியிருந்தார்கள்.

அனுப்பும் சபை, அனுப்பப்படும் போதகர் என்றே ஊழியத்தின் வரலாறு நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மலேசியாவின் செனாயில் உட்கார்ந்து எழுதும் எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. விமான நிலையமும் தொழிற்சாலைகளும் வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஜொகூரில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்களைக் கூட்டிவந்தவர் கங்காணி. பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் மனத்தில் சுமந்து வந்தார்கள். சிலருடைய மூட்டையில் வேதப்புத்தகமோ ஜெபமாலையோ இருந்தது. அவர்களை எந்தச் சபையும் கைவைத்து ஜெபித்து வழியனுப்பவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு வேதத்தில் இடம் உண்டா? அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபின் எருசலேமில் துன்புறுத்தல் மூண்டது. அப்போஸ்தலர்கள் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். ஓடியவர்கள் சாதாரண விசுவாசிகள். போன ஊரிலெல்லாம் அவர்கள் பேசினார்கள். 11ஆம் அதிகாரத்தில் அவர்களைப் பெனிக்கேயிலும் சீப்புருவிலும் அந்தியோகியாவிலும் காண்கிறோம். சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்கள் சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரிடமும் இயேசுவைப் பற்றிச் சொல்லத் துணிந்தார்கள். எத்தனை பெரிய திருப்பம்! ஆனால் அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நடபடிகளின் ஆசிரியர் லூக்கா எழுதவில்லை.

பர்னபாவையும், பவுல் எனப்பட்ட சவுலையும் உபவாசித்து, ஜெபித்து அனுப்பியதாக 13ஆம் அதிகாரம் சொல்லும் சபை இதே அந்தியோகியாச் சபைதான். யாரும் அனுப்பாமல் வந்தவர்கள் தொடங்கிய சபை அது! ஊழிய வரலாற்றை எழுதுபவர்கள் 13ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் நமக்கு இன்னும் நெருக்கமானவர்கள். கிலவுதியுராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டு வெளியேறச் சொன்னதால் கொரிந்துக்கு வந்த தம்பதியர். பிழைப்புக்குக் கூடாரம் செய்தார்கள். பவுலுக்கும் அதே தொழில் தெரியும் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிறகு எபேசுவில், நன்கு கற்ற அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்து, தேவனுடைய வழியை இன்னும் தெளிவாக விளக்கியவர்கள் இந்த இருவர். அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. ஆலயம் எழும்பும் முன்னரே தோட்ட லயத்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பேரப்பிள்ளைகள் வாழும் மலேசியாவின் அரசமைப்பில் 11ஆம் பிரிவு சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அது சொல்கிறது. இந்த எல்லைக்குள் வாழும் கிறிஸ்தவர்கள் பேதுருவின் முதல் நிருபத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பேன். பொந்து, கலாத்தியா முதலிய நாடுகளில் சிதறி வாழ்ந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டால், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது அதன் 3ஆம் அதிகாரம். கேள்வி எழுமளவுக்கு வாழ்க்கை இருக்க வேண்டும் என்று பேதுரு எதிர்பார்க்கிறார்.

தமிழர்களே ஊழியர்களை அனுப்பத் தொடங்கியது எப்போது? 1903இல் திருநெல்வேலியில் வே. ச. அசரியா தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தைப் பற்றி அடுத்த வாரம்.