ஃபார் மடக்கும் விடுபட்ட முதல் மதிப்பெண்ணும்

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபார் மடக்கை வாய்ப்பாட்டில்தான் தொடங்குவேன். மாறி ‘ஐ’ 1-இல் தொடங்கும். 10 வரை சுற்றுக்கு ஒன்றாகக் கூடும். பத்து வரிகளும் திரையில் வந்துவிடும். மாணவர்களுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான்.

மறுநாள் 70, 65, 80, 55, 90 என்ற ஐந்து மதிப்பெண்களை அணியில் இட்டுக் கூட்டச் சொன்னேன். பலருக்கு ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நேன்’ விடையாக வந்தது. வாய்ப்பாட்டு நிரலைப் பார்த்து 1 முதல் 5 வரை எழுதியிருந்தார்கள். அணியில் முதல் மதிப்பெண் 0-ஆம் இடத்தில், கடைசி மதிப்பெண் 4-ஆம் இடத்தில். 5-ஆம் இடத்தில் எதுவுமில்லை. இல்லாததைக் கூட்டினால் மொத்தமும் கெடும்.

சிலருக்கு 290 வந்தது. 1-இல் தொடங்கி, 5-ஐவிடச் சிறியதாக இருக்கும்வரை என எழுதியவர்கள். சரியான விடை 360. முதல் மதிப்பெண் 70 விடுபட்டிருக்கிறது. பிழைச்செய்தி ஏதும் இல்லாததால் அவர்கள் நோட்டை மூடி வைத்துவிட்டார்கள். இதுதான் ஆபத்தானது என்பேன். மதிப்பெண் பட்டியல் தயாரித்த நமக்குத் தெரியாதா?

இப்போதெல்லாம் நிரலை இயக்கும் முன் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுகிறோம்: ‘ஐ’, நிபந்தனை, மொத்தம். ஒவ்வொரு சுற்றையும் மாணவர்களே நிரப்புவார்கள். கடைசியில் ஒரு கேள்வி: மடக்கு நிற்கும்போது ‘ஐ’ எவ்வளவு? “நாலு சார்” என்றார்கள். “அஞ்சு ஆனாத்தானே சார் நிபந்தனை பொய்யாகும்?” என்று ஒரு மாணவி கேட்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.