கோரையை எப்படி அடையாளம் காண்பது?

திருவொற்றியூரில் கட்டாமல் கிடக்கும் மனை, ராயபுரம் ரயில் பாதையோரம், எண்ணூர் சாலைப் பள்ளம் என எங்கும் மழை விட்டதும் பச்சை கிளம்பிவிடும். எல்லாவற்றையும் புல் என்றே சொல்லிவிடுகிறோம். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை என்பது தாவரவியல் மாணவர்கள் முதலில் கற்கும் பாடம். நல்ல பாடம்தான், ஆனால் அரைகுறைச் சாட்சி. கோரைக் குடும்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உருண்டைத் தண்டு கொண்டவையும் அவற்றில் அடக்கம். ஆகவே இலையையும் கேட்க வேண்டும். கோரையின் இலைகள் மூன்று வரிசையாகக் கிளம்பும், புல்லில் இரண்டு வரிசைதான். கோரை இலையின் அடி, தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருக்கும். பெரும்பாலான புற்களில் ஒருபுறம் பிளந்திருக்கும். கடற்கரை மணலில் குத்தும் ராவணன் மீசையைக் கோரை என்று நினைப்பவர்கள் அதன் தண்டில் கணுக்களைத் தேடட்டும். அது புல்லேதான்.

இத்தனையும் குடும்பத்தைத்தான் சொல்லும். எந்தக் கோரை என்று தீர்ப்பது மண்ணுக்கடியில். நம் மனைகளில் மிகுந்திருக்கும் கோரைக்கிழங்குச் செடி (சைப்ரஸ் ரொட்டண்டஸ்) பல்லாண்டு வாழ்வது, இந்த மண்ணில் இயல்பாகவே வளர்வது. அதன் கிழங்குகள் மெல்லிய நிலத்தடித் தண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும்; கருத்தவை, மணமுள்ளவை, கசப்பவை. சித்த மருந்துக் கடையில் விற்பது இதுதான். நெருங்கிய உறவான மஞ்சள் கோரையிலோ கிழங்கு தண்டின் நுனியில் ஒற்றையாக நிற்கும், இனிக்கும். மேலே கதிரின் நிறமும் உதவும்: முன்னதில் செங்கபிலம், பின்னதில் மஞ்சள் கலந்த கபிலம். ஆனால் காய்ந்த கதிரில் நிறம் ஏமாற்றும்.

செல்போனில் படமெடுத்தால் செயலியே பெயர் சொல்லுமே, எதற்குத் தோண்ட வேண்டும் என்று கேட்கலாம். படத்தில் கிழங்கு தெரியாது. இலையடி மூடியதா பிளந்ததா என்பதும் பெரும்பாலும் தெரியாது. வெறும் களைக்கு இவ்வளவு பாடா என்பது இன்னொரு கேள்வி. களை என்பதால்தான் இந்தப் பாடு. கிழங்குச் சங்கிலி முழுதாக இருக்கும்வரை நுனிக் கிழங்கின் முளை மற்றவற்றை அடக்கிவைக்கும். மண்வெட்டியால் கொத்திச் சங்கிலியை அறுத்தால் உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். புல்லென்று நினைத்துக் கொத்தியவர் ஒரு செடியைப் பலவாக்குகிறார். மனையைச் சுத்தம் செய்ய ஆள் வைக்குமுன் ஒரு செடியையாவது மண்ணோடு கெல்லி எடுத்துப் பாருங்கள்.