ஜவ்வாது மலை வளைவில் கார் சாயுதா? முன்பக்க ஸ்டெபிலைசர் பார் மாற்றும் முன் இதைப் படிங்க

ஆலங்காயத்தில் இருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறுகிறீர்கள். வளைவுக்கு வளைவு கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பின் சீட்டில் இருப்பவர்கள் கதவோடு ஒட்டிக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதும் யாராவது ஒருவர் சொல்வார்: "முன்னாடி தடிமனான ஸ்டெபிலைசர் பார் போடு, கார் அப்படியே தரையோட ஒட்டிக்கிட்டு போகும்."

பார் போட்டால் சாய்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால், சாய்வு குறைவதும் டயரின் பிடிமானம் கூடுவதும் ஒன்றல்ல. மலைப்பாதையில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

ஸ்டெபிலைசர் பார் என்ன செய்யும்?

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒரே பொருளின் பெயர்கள்தான். 'ப' வடிவில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி அது. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் காரின் அடிப்பகுதியோடு இணைந்திருக்கும். இரு முனைகளும் லிங்க் ராடு மூலமாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும்.

இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே எழும்பினால் பாருக்கு வேலையே இல்லை, புஷ்களுக்குள் சும்மா சுழலும். ஒரு சக்கரம் மட்டும் எழும்பும்போதுதான் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்ப்பு காட்டும். வளைவில் கார் சாயும்போது நடப்பது இதுதான்.

இதில் தடிமன் செய்யும் வேலை பெரியது. திடக் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் 4-ம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாரை எடுத்துவிட்டு, அதே வடிவில் 22 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 46% கூடிவிடும். பார்வைக்குத் தெரியாத 2 மி.மீ.க்கு இவ்வளவு வித்தியாசம்! அதனால் 'கொஞ்சம் பெருசா போடலாம்' என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது.

ஃப்ரண்ட் வீல் டிரைவ் காரில் என்ன சிக்கல்?

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, டியாகோ எல்லாமே முன்சக்கரங்கள் இழுக்கும் கார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் முன்னால் இருப்பதால் எடையும் முன்பக்கம்தான் அதிகம். திரும்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு என மூன்று வேலையும் முன் டயர்கள் தலையில்தான்.

முன்பக்கம் மட்டும் விறைப்பான பார் போட்டால், வளைவில் வெளிப்பக்க முன் டயர் மீது இன்னும் அதிக பாரம் ஏறும், உள்பக்க டயர் லேசாகும். பாரம் இரட்டிப்பானால் பிடிமானமும் அப்படியே இரட்டிப்பாகும் என்பது டயர் விஷயத்தில் நடக்காது. கூட்டிக் கழித்தால் முன்பக்கப் பிடிமானம் பெரும்பாலும் குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் கார் நேராகப் போகப் பார்க்கும். இதைத்தான் 'அண்டர்ஸ்டியர்' என்கிறார்கள். ஏற்றத்து ஹேர்பின் வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், லேசான உள்பக்க சக்கரம் சும்மா சுற்றும்.

விதிவிலக்கு உண்டு. அதிகம் சாயும் காரில் வெளிப்பக்க டயர் சரிவாக நின்று ஓரத்தில் மட்டும் உரசும். சாய்வு குறைந்தால் டயர் சரியாகப் பதியும். அதனால் சில கார்களில் முன்பக்க பார் நன்மையும் செய்யும். ஆனால் அது காருக்கு கார் மாறும்.

'அப்போ பின்னாடி போடலாமே' என்பார்கள். பின்பக்கம் விறைப்பானால் அண்டர்ஸ்டியர் குறையும், நிஜம்தான். ஆனால் போளூர் பக்கம் இறக்கத்தில், வளைவு நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ பிரேக் மிதித்தாலோ காரின் வால் வெளியே வீசும் அபாயம் கூடும். மழை நாளில் சொல்லவே வேண்டாம்.

பென்ஸுக்கே நடந்தது

1997 அக்டோபரில், ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில், திடீரென இடமும் வலமும் திருப்பியபோது மெர்சிடஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதுவும் ஃப்ரண்ட் வீல் டிரைவ்தான். நிறுவனம் டெலிவரியை நிறுத்தி சஸ்பென்ஷனை மாற்றியது. அதோடு விடாமல், கார் சறுக்கத் தொடங்கினால் தனித்தனி சக்கரத்தில் பிரேக் போடும் இஎஸ்பி வசதியை எல்லா ஏ-கிளாஸிலும் கட்டாயமாக்கியது. சஸ்பென்ஷனில் கைவைத்தது மட்டும் போதும் என்று அவர்களே நினைக்கவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது

சில வருஷம் ஓடிய காரில் புதிதாகச் சாய்வு தெரிந்தால், பாரைவிட லிங்க் ராடு, புஷ், ஷாக் அப்சார்பர் மீதுதான் சந்தேகப்பட வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது 'டொக் டொக்' சத்தம் வந்து, இரண்டு சக்கரமும் சமமாக ஏறும் வேகத்தடையில் சத்தம் குறைந்தால் லிங்க் ராடு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றும் செலவு, புது பார் போடும் செலவில் சிறு பங்குதான். டயர் காற்றையும் பாருங்கள்.

கேரியரில் மூட்டை முடிச்சு ஏற்றினால் எந்த பாரும் கைகொடுக்காது. எடை மேலே போகப் போக கவிழும் வாய்ப்பு கூடும். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டப் பகுதி ஜவ்வாது மலையில், சேம்பரை கோயிலுக்கு பக்தர்களை ஏற்றிப்போன சரக்கு வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

மாற்றியே ஆகணும்னா?

சில மாடல்களில் பேஸ் வேரியன்டில் பார் இருக்காது, மேல் வேரியன்டில் இருக்கும். அப்படியென்றால் அதே கம்பெனி பார், பிராக்கெட், லிங்க் எல்லாவற்றையும் செட்டாகப் போடுவதுதான் நல்லது. பொருத்தும் இடம் உங்கள் காரில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பழைய சில கார்களில் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பதே இந்த பார்தான். அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஆபத்து.

வேலை நடக்கும்போது முன்சக்கரம் இரண்டையும் ஒரே அளவுக்குத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிய நிலையில் இருக்கும், நட்டைக் கழற்றும்போது தெறிக்கலாம். பல கார்களில் பாரை வெளியே எடுக்க சப்ஃபிரேமையே இறக்க வேண்டியிருக்கும், அதனால் ஜாக்கி வைத்து வீட்டு வாசலில் முடிக்கிற வேலை இல்லை. ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப்போகும். நட்டுகளை கம்பெனி சொன்ன டார்க் அளவில்தான் முறுக்க வேண்டும். சப்ஃபிரேமை இறக்கியிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். தேய்ந்த பாகத்துக்கு அதே அளவு கம்பெனி பாகம் போடுவது வேறு கதை. வெளிக்கடை தடிமன் பார் என்றால் ஆர்டிஓ அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டுவிட்டு காசைக் கொடுங்கள்.