மேசைத் தொலைபேசி: இணைக்கும் முறையும் பேசும் முறையும்

கைத்தொலைபேசி இல்லாத எம்மவரை இன்று ஜேர்மனியிற் காண்பது அரிது. ஆகவே கம்பியுடன் கூடிய பழைய மேசைத் தொலைபேசி பல இல்லங்களில் நிலவறைக்குச் சென்றுவிட்டது. அதனை மீண்டும் மேலே எடுத்து வரவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எமது கருத்தாகும். 1980களில் இளைஞர்களாக இந்நாட்டிற்கு வந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றனர். அவர்களுடன் வந்து சேர்ந்த பெற்றோர் சிலர் எண்பதையும் தாண்டியுள்ளனர். கண் மங்கி விரல் நடுங்கும் ஒருவருக்கு, மின்னேற்ற மறந்து எங்கோ வைத்துவிட்ட கைத்தொலைபேசியிலும் பார்க்க, எப்போதும் ஒரே மேசையில், பெரிய எண்களுடன், எடுத்தவுடன் பேசக்கூடியதாக இருக்கும் கருவியே நம்பத்தக்கது. ஆனால் அதனைச் சரிவர இணைக்கவும், அதனால் இயலாதவை எவை என அறியவும் வேண்டும்.

தொலைபேசிக்கும் இந்நாட்டிற்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் கிரகாம் பெல் 1876 இல் காப்புரிமை பெறுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே, பிலிப் ரைஸ் என்னும் பாடசாலை ஆசிரியர், 1861 ஒக்டோபர் 26 ஆம் நாள் பிராங்பேர்ட் பௌதிகச் சங்கத்தில், கம்பி வழியே ஒலியைக் கடத்தும் தமது கருவியை விளக்கிக் காட்டினார். ‘ரெலிபோன்’ என அவர் அதற்குப் பெயரும் இட்டார். பிற்காலத்தில் தொலைபேசி அரசின் உடைமையாயிற்று. மேற்கு ஜேர்மனியில் தபால் திணைக்களமே கருவியை வாடகைக்குத் தந்தது; அதன் ஊழியரே வந்து பொருத்தினார். 1960களில் அறிமுகமான சாம்பல் நிற மேசைக் கருவியை மக்கள் ‘சாம்பல் எலி’ என அழைத்தனர். விரும்பிய கருவியைக் கடையில் வாங்கி இணைக்கும் சுதந்திரம் 1990 யூலையிலேயே முழுமையாகக் கிடைத்தது.

எம்மவரின் தொலைபேசி வரலாறு அந்தச் சாம்பல் எலியுடனன்று, வீதியோரத்து மஞ்சட் கூண்டுடனேயே தொடங்கிற்று. அகதி முகாமிலிருந்து வந்து, கை நிறைய நாணயங்களுடன் அதன் முன் வரிசையில் நின்றவர்கள் பலர். இலங்கைக்கான அழைப்பில் ஓர் அலகு சில வினாடிகளிற் கரைந்துவிடும். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்கு அழைக்க வழியில்லாத காலம் நெடிதாயிற்று. தாயும் தந்தையும் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து, தொலைத்தொடர்பு நிலையத்தின் வாங்கிற் காத்திருந்தால் மாத்திரமே குரல் கேட்கலாம். 1998 ஜனவரியில் ரெலிகொம் நிறுவனத்தின் தனியுரிமை நீங்கிப் போட்டி வந்த பின்னரே கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. அக்கூண்டுகளின் நாணய வாயும் 2022 நவம்பரில் மூடப்பட்டது.

இனி இணைக்கும் முறைக்கு வருவோம். ஜேர்மனிய வீடுகளின் சுவரில் உள்ள தொலைபேசிப் பெட்டியிற் பெரும்பாலும் மூன்று துளைகள் இருக்கும். நடுவில் ‘எப்’ என்னும் எழுத்தும், இரு புறமும் ‘என்’ என்னும் எழுத்தும் காணப்படும். ‘எப்’ பேசும் கருவிக்குரியது. ‘என்’ தொலைநகல், பதிவுக்கருவி போன்றவற்றுக்குரியது. பிளக்கின் வடிவமும் அதற்கேற்ப வேறுபடுவதால் ஒன்றை மற்றதில் வலிந்து செருகலாகாது.

முன்னர் இவ்வளவுடன் வேலை முடிந்துவிடும். இப்போது நிலை மாறிவிட்டது. பழைய தொலைபேசி வலையமைப்பு இணைய வழிக்கு மாற்றப்பட்டு, 2020 அளவில் அம்மாற்றம் ஏறத்தாழ நிறைவெய்திற்று. ஆகவே இணைய வழித் தொலைபேசி உள்ள வீட்டிற் சுவர்ப் பெட்டியில் இணைக்க வேண்டியது ரவுட்டரையே. தொலைபேசியை ரவுட்டரின் பின்புறத்திலோ பக்கத்திலோ உள்ள தொலைபேசித் துளையிற் செருகுதல் வேண்டும். சுவரில் நேரே செருகிவிட்டு, ஒலியேதும் வரவில்லையே எனக் கருவியைக் குறை கூறுவோர் பலர். அடுத்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அத்துளைக்கு எந்த எண் உரியது என்பதைக் குறிக்க வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகள் இதனைச் சில நிமிடங்களிற் செய்து தருவர். எண் தட்டைச் சுழற்றும் மிகப் பழைய கருவியாயின், அதன் துடிப்பைப் புரிந்துகொள்ளும் ரவுட்டர் தேவை. எல்லா ரவுட்டர்களும் அவ்வாறு செய்வதில்லை. இணைத்ததும் இரு சோதனைகள் செய்க: நீங்கள் ஒருவரை அழையுங்கள்; பின்னர் அவர் உங்களை அழைக்கட்டும்.

இங்கு முக்கியமான ஒன்றைக் கூறியாக வேண்டும். பழைய கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தொலைபேசி நிலையத்திலிருந்து தானே சுமந்து வந்தது. வீட்டில் மின் தடைப்பட்டாலும் தொலைபேசி பேசிற்று. இன்று ரவுட்டருக்கு மின்சாரம் இல்லையேல் மேசைத் தொலைபேசியும் ஊமையே. எனவே முதியவர் தனித்து வாழும் வீட்டிற் கைத்தொலைபேசி ஒன்றும் மின்னேற்றிய நிலையில் இருத்தல் அவசியம். 2021 யூலையில் ஆர் பள்ளத்தாக்கை வெள்ளம் சூறையாடியபோது இரு வழிகளுமே பல இடங்களில் அறுந்தன என்பதையும் மறத்தலாகாது. அயலவரை அறிந்திருப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

கருவியின் அருகே ஓர் அட்டை இருக்கட்டும். அதில் 112 தீயணைப்புக்கும் அவசர மருத்துவத்துக்கும், 110 பொலிசுக்கும், 116117 அவசரமற்ற நேரத்தில் மருத்துவரைப் பெறுவதற்கும் உரியவை எனப் பெரிதாக எழுதுக. அதன் கீழ் வீட்டின் முழு முகவரியையும், எத்தனையாவது மாடி என்பதையும், ஜேர்மன் உச்சரிப்பிலேயே தமிழ் எழுத்தில் எழுதி வைக்கவும். பதற்றத்தில் மொழி மறந்துபோகும், எழுத்து மறக்காது. எமது சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள் ஆகியவற்றின் அலுவலகங்களில் உள் இணைப்புத் தொகுதி இருப்பின், வெளியே அழைக்க முதலிற் சுழியம் அழுத்த வேண்டியிருக்கலாம். அதனையும் அட்டையிற் குறித்து வைத்தல் நன்று.

பேசும்போது எம்மவரைத் தடுமாறச் செய்வன எண்களும் பெயர்களுமே. நாம் ஐம்பத்து நான்கு என்போம். ஜேர்மனியர் ‘நான்கும் ஐம்பதும்’ என்பர். கேட்டபடி எழுதினால் 45 ஆகிவிடும். ஆகவே ஒவ்வோர் இலக்கமாகக் கூறும்படி தயங்காது கேளுங்கள். இரண்டைக் குறிக்கும் ‘ஸ்வை’, மூன்றைக் குறிக்கும் ‘ட்றை’ ஆகியன தொலைபேசியில் ஒன்றுபோற் கேட்பதால், இரண்டை ‘ஸ்வோ’ என்பதும் அவர்களது வழக்கம். எமது நீண்ட பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். ‘சிவா’ என்பதற்கு சாமுவேல், ஈடா, விக்ரோர், அன்ரோன் என்பது பலரும் அறிந்த முறை. இந்த அட்டவணையிலிருந்து யூதப் பெயர்களை நாசிகள் 1934 இல் நீக்கினர். நாதன் இருந்த இடத்தில் வடதுருவத்தைக் குறிக்கும் சொல் வைக்கப்பட்டது. 2022 இல் வெளியான புதிய நியமம் நகரங்களின் பெயர்களைக் கொண்டது. அதன்படி சிவா, சால்ஸ்வேடல், இங்கல்கைம், வியோல்க்லிங்கன், ஆகன் ஆவார். அலுவலகங்களில் இரண்டும் விளங்கும்.

மறுமுனையில் இருப்பவர் எல்லோரும் நல்லவரல்லர். “அப்பம்மா, நான் விபத்திற் சிக்கிவிட்டேன், உடனே பணம் தேவை” என அழுங் குரல், பொலிஸ் எனக் கூறி நகைகளை ஒப்படைக்கச் சொல்லும் குரல் முதலியன முதியோரை ஏமாற்றும் சூழ்ச்சிகள். பொலிஸார் 110 என்னும் எண்ணிலிருந்து ஒருபோதும் அழைப்பதில்லை. றிசீவரை வைத்துவிடுங்கள். சற்றுப் பொறுத்து, திரும்ப அழைக்கும் பொத்தானை அழுத்தாது, உங்களுக்குத் தெரிந்த எண்ணை நீங்களே அழுத்தி, பிள்ளையையோ பொலிசையோ கேளுங்கள். இடையிற் பேச்சைத் துண்டிப்பது மரியாதைக் குறைவு என எண்ணி, முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பதே எமது முதியோரைச் சிக்க வைக்கின்றது.

புகலிடம் கோரியிருப்போர்க்கு இறுதியாக ஒன்று. தொலைபேசியில் விசாரிக்கலாம், உரிமையைக் காத்துக்கொள்ள அது போதாது. நிராகரிப்புக் கடிதத்துக்கு எதிராக வழக்கிடும் காலம் பொதுவாக இரு வாரங்கள். சில வேளைகளில் ஒரே வாரம். வழக்கை எழுத்தில் அனுப்பவேண்டும், அல்லது நீதிமன்ற அலுவலகத்திற்கு நேரிற் சென்று பதிய வேண்டும். தொலைபேசியிற் சொன்னேன் என்பது அங்கு எடுபடாது. முகவரி மாறினாலும் உரிய அலுவலகங்களுக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். பழைய முகவரிக்கு வந்த கடிதம் உங்கள் கையில் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளக்கூடும். மறுமுனையில் இருப்பவர் அறியாது பேச்சை ஒலிப்பதிவு செய்வது, மூன்று ஆண்டுகள் வரை சிறையோ தண்டப்பணமோ விதிக்கத்தக்க குற்றமாகும். அதற்குப் பதிலாக, பேசிய நாள், நேரம், அலுவலரின் பெயர், அவர் சொன்னது ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்து, சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மேசைத் தொலைபேசிக்குக் கம்பி ஒரு குறையன்று. அது எங்கே இருக்கின்றது என எல்லோருக்கும் தெரியும். அருகே ஓர் அட்டையும், ஒரு கொப்பியும், எழுதத் தக்க பேனையும் இருந்துவிட்டால், தனித்து வாழும் ஒரு முதியவருக்கும் புதிதாக வந்த ஓர் அகதிக்கும் அது பெருந்துணை. இவ்வார இறுதியில் பெற்றோரைப் பார்க்கச் செல்வோர், அவர்களது கருவியில் ஒலி வருகின்றதா என ஒரு முறை எடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.